வைக்கோலை மாட்டுக்குப் போட்டால் என்ன?

ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குள் டெல்லிப் புகை வந்துவிடும். முகமூடி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாதி மறைந்த இந்தியா கேட், இரவு வயலில் நெடுக எரியும் நெருப்பு. அதற்குக் கீழே யாராவது ஒருவர் பஞ்சாப்காரனைத் திட்டி எழுதுவார். அரசியல் பேசாதவர் என் பெரியப்பா மகன் ஒருவர்தான். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டம், கட்டுத்தறியில் மாடுகள். அவர் வருடம் தவறாமல் கேட்பது ஒரே கேள்வி. "ஏந்தம்பி, அத்தனை வைக்கலையும் கொளுத்திப் போடறாங்களே, மாட்டுக்குப் போட்டா என்னவாம்?"

சித்திரை வைகாசியில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து லாரியில் வரும் வைக்கோலுக்குக் காத்திருந்து, வந்தவனிடம் கட்டுக் கட்டாக எண்ணி, விலை பேசிச் சண்டை போட்டு வாங்குகிறவர் அவர். வைக்கோலை எரிப்பது என்றால் அவருக்கு ரூபாய் நோட்டை எரிப்பதுதான். கேள்வி என் பக்கம் திரும்புவதற்குக் காரணம் உண்டு. நான் பின்னலாடை இயந்திரங்களுக்கு ஊசி, சிங்கர் மாதிரி உதிரிபாகங்கள் விற்கிறவன். திருப்பூருக்கு அடுத்தபடி எனக்குச் சோறு போடும் ஊர் லூதியானா. அதனால் சொந்தக்காரர்கள் நடுவில் பஞ்சாப் பற்றிய எல்லாச் சந்தேகங்களுக்கும் நான்தான் அத்தாரிட்டி. இதற்கு மட்டும் ரொம்ப நாள் என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. சிலிக்கா அதிகம், மாடு தின்னாது என்று இணையத்தில் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப நம்மூரு மாடு தின்னறது என்ன பிளாஸ்டிக்கா?" என்று முடித்துவிட்டார். நியாயமான கேள்விதான்.

லூதியானாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். நம் ஆட்கள் பஞ்சாப் என்றால் கோதுமை வயலையும் டிராக்டரையும் மட்டும் நினைப்பார்கள். லூதியானா சந்துகளில் நடந்தால் திருப்பூர் காதர்பேட்டையில் நடப்பது மாதிரியே இருக்கும். நாம் பருத்தி பனியன், அவர்கள் கம்பளி ஸ்வெட்டர். அதோடு சைக்கிள், தையல் மெஷின், வண்டி உதிரிபாகங்கள். பெரிய கம்பெனிகள் சில இருந்தாலும் ஊரைத் தூக்கி நிறுத்துவது பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகள்தான். அங்கேயும் தறியோரம் நிற்கிறவன் பீகார், உத்தரப்பிரதேசத்துப் பையன், இங்கேயும் அவனே. சாயத்தண்ணீர்க் கதையிலும் ஒற்றுமை உண்டு. நமக்கு நொய்யல், அவர்களுக்குப் புட்டா நாலா. ஊருக்குள் கறுப்பாக ஓடி, சாயப்பட்டறைக் கழிவையும் மாட்டுத் தொழுவச் சாணத்தையும் வாங்கிக்கொண்டு சட்லெஜில் போய் விழுகிறது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது திருப்பூர் பட்ட பாட்டை நான் அங்கே விவரமாகச் சொல்வேன். கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டு, "அதற்கு முன்னாடி எத்தனை வருஷம் விட்டார்கள்?" என்பார்கள்.

ஜலந்தரில் கிரிக்கெட் மட்டையும் ஹாக்கி மட்டையும் செய்கிறவர்களில் பலருடைய தாத்தாக்கள் 1947-ல் சியால்கோட்டிலிருந்து வந்தவர்கள். மண்டி கோபிந்த்கரில் இரும்பு உருக்கிக் கம்பி இழுக்கிறார்கள். இதெல்லாம் தனிக்கதை. வைக்கோலுக்கு வருகிறேன்.

மாமாஜியின் பதினைந்து கில்லா

என் வாடிக்கையாளர் ஒருவர், ஸ்வெட்டர் பட்டறை வைத்திருப்பவர், ஓர் அக்டோபரில் சங்ரூர் மாவட்டத்திலிருக்கும் தாய்மாமன் ஊருக்கு என்னையும் கூட்டிப்போனார். அவர் மாமாஜி என்றார், நானும் மாமாஜி என்றே கூப்பிட்டேன். எழுபதைத் தொட்ட மனிதர். நிலத்தைக் கில்லாக் கணக்கில் சொன்னார். கில்லா என்றால் ஏக்கர்தான். பதினைந்து கில்லா, அதில் பாதிக்கு மேல் குத்தகை.

வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன். கொங்கு நாட்டுக்காரன் கண்ணுக்கு அந்தப் பூமி நம்பும்படி இல்லை. மேடு இல்லை, பள்ளம் இல்லை, கல்லென்று ஒன்று கண்ணில் படவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துவந்து கொட்டிய வண்டல், பல நூறு அடி ஆழத்துக்கு மணலும் களியுமாகக் கிடக்கிறது. வயல்களெல்லாம் சதுரம் சதுரமாக, கோடு போட்ட நோட்டு மாதிரி. பிரிவினைக்குப் பிறகு 1948-ல் சட்டம் போட்டு, சிதறிக் கிடந்த துண்டு நிலங்களைச் சேர்த்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே இடத்தில் வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிகளுக்கு நடுவே கிணற்றுக்கு நாலு பங்கு, வண்டித்தடத்துக்கு மூணு பங்கு என்று கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். டிராக்டர் திரும்ப இடம், போர் போட இடம், கம்பைன் என்ற அறுப்பு இயந்திரம் இறங்க இடம் எல்லாம் அந்தச் சதுரத்திலிருந்து வந்தவை.

பஞ்சாப் இயற்கையிலேயே செழித்த பூமி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. தென்மேற்கில் மான்சா, பட்டிண்டா பக்கமெல்லாம் ராஜஸ்தானின் வாசலில் இருக்கும் வறட்டு நிலம். வெள்ளைக்காரன் கால்வாய் வெட்டி உண்டாக்கிய லயால்பூர், மாண்ட்காமரி போன்ற வளமான குடியேற்றங்கள் 1947-ல் அந்தப்பக்கம் போய்விட்டன. அங்கிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு, விட்டுவந்ததைவிடக் குறைவான நிலம் கிடைத்தது. அதற்கப்புறம்தான் பக்ரா அணை. 226 மீட்டர் உயரம், 1963-ல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தது. 1966-ல் மாநிலத்தைப் பிரித்து ஹரியானாவைத் தனியாக்கினார்கள். மிச்சமிருப்பது 50,362 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அந்தத் துணுக்கு நிலத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு ஏர் ஓடுகிறது, அதுவும் வருடம் இரண்டு தடவை.

இந்தக் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். மத்திய உணவு அமைச்சராக இருந்து, 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையைக் கப்பலில் இறக்கியவர். விளைந்ததை அரசாங்கம் வாங்குவதற்கு இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியதே சென்னையைத் தலைமையிடமாக வைத்துத்தான். அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். மாமாஜியிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. உணவுக் கழகம் பஞ்சாபுக்கென்றே பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சரி, வைக்கோல். அண்ணன் கேட்ட கேள்வியை எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். மாமாஜி பதில் சொல்லாமல் தொழுவத்துக்குக் கூட்டிப்போனார். நாலு எருமை, ஒரு கலப்பினப் பசு. ஒரு மூலையில் கூரைவரை தூடி. தூடி என்றால் கோதுமைத் தாளைப் பொடிப்பொடியாக நறுக்கிய தீவனம். ஒரு கை அள்ளி எருமைக்குக் காட்டினார், அது நாக்கைச் சுழற்றி வாங்கிக்கொண்டது. "வருஷம் முழுக்க இது இருக்கும்போது அது எதுக்கு வைக்கோலைத் தின்னும்?" என்றார். பாஸ்மதி வைக்கோல் மென்மையாக இருக்கும், கையால் அறுக்கிறார்கள், அதைக் கொஞ்சம் போடுவார்களாம். சாதாரண நெல்லை, அவர்கள் பாஷையில் ஜோனாவை, கம்பைன் அறுக்கிறது. நாபா, பாத்சன் மாதிரியான பஞ்சாப் சிற்றூர்களில் செய்கிற இயந்திரம்தான், நம் டெல்டாவுக்கும் வருகிறது. கதிரை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு அடிக் கட்டையை நிறுத்திவிட்டு, மிச்சத்தைத் துப்பிவிட்டுப் போகும்.

மாநிலம் முழுக்க அப்படி மிஞ்சுவது வருடத்துக்கு ஏறக்குறைய 2 கோடி டன். அண்ணனுடைய மாடுகள் மட்டுமல்ல, காங்கேயம் சந்தைக்கு வரும் அத்தனை மாடும் சேர்ந்து வருஷம் பூராத் தின்றாலும் ஒரு மூலை குறையாது.

நாள் கணக்கு

மாட்டுக்குப் போடவில்லை சரி, கட்டிவைத்து விற்கலாமே, மண்ணோடு உழலாமே? இங்கேதான் மாமாஜி விரலை மடக்க ஆரம்பித்தார். நெல் அறுப்பு அக்டோபர் நடுவில் ஆரம்பித்து மாதக் கடைசிவரை. கோதுமை விதைப்பு நவம்பர் நடுவுக்குள் முடிய வேண்டும், தள்ளிப்போனால் பங்குனி வெயிலில் மணி சூம்பிப்போகும். நடுவில் இருப்பது இருபது, இருபத்தைந்து நாள். கட்டும் இயந்திரம் ஊருக்கு ஒன்றிரண்டு, முறைக்குக் காத்திருக்க வேண்டும். தாளுக்குள்ளேயே கோதுமையை விதைக்கிற ஹாப்பி சீடர் என்ற கருவி இருக்கிறது, பெரிய டிராக்டர் வேண்டும், டீசல் வேண்டும். தீக்குச்சிக்கு ஒன்றும் வேண்டாம்.

முன்பு இந்த நெருக்கடி இவ்வளவு இல்லை. மே மாதமே நட்டு, செப்டம்பரிலேயே அறுத்துவிடுகிறவர்கள் நிறைய. அந்தக் கோடை வெயிலில், மழைக்கு முன்னால், நிலத்தடி நீரை இறைத்து வயலில் நிறுத்தினால் பாதி ஆவியாகிப் போகிறது என்று 2009-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மே 10-க்கு முன் நாற்று விடக்கூடாது, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது. மீறினால் நட்டதை உழுது அழிக்கலாம். தண்ணீருக்கு நல்ல சட்டம். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுப்பும் தள்ளிப்போகும். காற்று விழுந்து, குளிர் இறங்கி, புகை தரையோடு தங்குகிற நாட்களில் வந்து அறுப்பு நின்றது. டெல்லிக்குச் சொந்தப் புகையே ஏராளம், இதுவும் மேலே போய்ச் சேர்ந்தது. தண்ணீரைக் காப்பாற்றப் போட்ட சட்டம் நெருப்பின் தேதியை மாற்றியது. எனக்குப் பிடிபட்ட முதல் முடிச்சு அது. புகையை மட்டும் தனியாகத் திட்டிப் பயனில்லை, அதன் மறுமுனை மண்ணுக்கடியில் இருக்கிறது.

மாமாஜியின் அப்பா காலத்தில் பத்துப் பதினைந்து அடிக் குழியில் மோட்டாரை வைத்தால் தண்ணீர் வந்ததாம். குழியை ஆழமாக்கி ஆழமாக்கி, கடைசியில் மூடிவிட்டு சப்மெர்சிபிள் போட்டார்கள். இப்போது 350 அடி என்று கவலையோடு சொன்னார். நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் 350 அடியில் தண்ணீர் கிடைத்தால் கிடா வெட்டுவோம், 1,000 அடி போய்ப் பாறைப்பொடி மட்டும் பறந்த போர்கள் அண்ணன் தோட்டத்திலேயே உண்டு என்றேன். அவர் சிரிக்கவில்லை. உங்களுக்குக் கீழே பாறை, மொத்தமே அவ்வளவுதான் என்று தெரிந்து போட்டீர்கள், எங்களுக்குக் கடல் மாதிரி இருந்தது என்றார். மத்திய நிலத்தடி நீர் வாரியக் கணக்கில், பஞ்சாபில் வருடம் ஊறுவதில் எடுக்கத் தகுந்த அளவு நூறு என்றால் எடுப்பது நூற்றைம்பதுக்கு மேல். அதே மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், முக்த்சர் பக்கம், நேர் எதிர்ச் சங்கடம். அங்கே நிலத்தடி நீர் உப்பு. யாரும் இறைப்பதில்லை, கால்வாய்க் கசிவு சேர்ந்து மேலே வந்து வயலை ஊறவைக்கிறது. நடு பஞ்சாபில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்கிறது, முக்த்சரில் வயலே மிதக்கிறது.

ரொட்டித் தட்டு

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ரொட்டி, தால், வெண்ணெய், பச்சை வெங்காயம், கெட்டித் தயிர். சுற்றிப் பத்து மைலுக்கு நெல்லைத் தவிர வேறொன்றும் நான் பார்க்கவில்லை, தட்டில் ஒரு பருக்கை இல்லை. சாதம் உண்டா என்று வீட்டம்மாவிடம் கேட்டதும், எனக்கு வயிறு சரியில்லையோ என்று பதறிப்போனார். ராஜ்மா செய்கிற நாளில், கடி என்கிற அவர்கள் ஊர் மோர்க்குழம்பு செய்கிற நாளில் வடிப்பார்களாம். அதுவும் கடையில் வாங்கும் பாஸ்மதி. வயலில் இருப்பது பர்மல் என்ற சாதாரண ரகம், அதை யார் தின்பார்கள் என்று கேட்டார்.

1960-61-ல் இன்றைய பஞ்சாப் எல்லைக்குள் நெல் சுமார் 2.3 லட்சம் ஹெக்டேர். இப்போது 31 லட்சத்துக்குக் குறையவில்லை. தமிழ்நாட்டின் நெற்பரப்பைவிட அதிகம். மக்காச்சோளமும் கடலையும் கம்பும் விளைந்த பூமி. நெல் வந்ததற்கு யாருடைய நாக்கும் காரணமில்லை. மண்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டினால் ஆதரவு விலைக்கு அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும், அது ஒன்று. 1997-லிருந்து, நடுவில் சில வருஷம் நீங்கலாக, பம்புசெட்டுக்குக் கரண்ட் சும்மா, அது இன்னொன்று. இலவச மின்சாரத்தை அவர்களுக்கு முன்பே கொடுத்தவர்கள் நாம், அதனால் அதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

மாமாஜி திடீரென்று, "உங்க ஊர்ல ரேஷன் அரிசி என்ன விலை பேட்டா?" என்றார்.

2011-லிருந்து விலையில்லை, சும்மாதான் கொடுக்கிறார்கள் என்றேன்.

ரொட்டியைப் பிய்த்த கை நின்றது. மருமகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க கரண்ட் சும்மா. அங்க அரிசி சும்மா. அப்ப காசு யாரோடது?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அது ஊர் வந்து சேர்ந்த பிறகும் விடவில்லை. வரிப்பணம் என்று பதில் சொல்லிவிடலாம், முழுப் பதில் அது இல்லை. பஞ்சாபிலிருந்து சரக்கு ரயிலில் ரேஷன் அரிசி வந்திறங்கியது என்று உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வரும், ஈரோட்டிலோ திருநெல்வேலியிலோ. சுமார் 2,600 டன் என்று போட்டிருப்பார்கள், ஒரு முழு ரயில் பிடிக்கிற எடை. நம் ரேஷனுக்கு டெல்டா அரிசியும் ஆந்திர, தெலங்கானா, சத்தீஸ்கர் அரிசியும் வருகின்றன, எல்லாமே பஞ்சாப் இல்லை. நான் அந்த ஒரு ரயிலை மட்டும் எடுத்துக்கொண்டேன். பஞ்சாபில் ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர் தண்ணீர் என்பது வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்லும் கணக்கு. பெருக்கினால் 1,300 கோடி லிட்டர். நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் கிட்டத்தட்ட அரை டிஎம்சி. வயலில் கட்டிய தண்ணீரில் ஒரு பகுதி திரும்பக் கீழே இறங்கும், அதையும் செலவில் சேர்க்கலாமா என்று படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். பாதியைக் கழித்தாலும் கால் டிஎம்சி. பிலிகுண்டுலுவில் ஒரு டிஎம்சி குறைந்தால் நாம் உச்ச நீதிமன்றம் போகிறோம். இது கூட்ஸ் ஷெட்டில் வந்து இறங்குகிறது, சுமைதூக்குகிறவர்களைத் தவிர யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பஞ்சாபிலும் காவிரி மாதிரி வழக்குகள் இருக்கின்றன. ஹரிக்கே தடுப்பணையிலிருந்து ராஜஸ்தானுக்குப் போகும் கால்வாய், ஹரியானாவோடு பல பத்தாண்டு சண்டையில் நிற்கும் சட்லெஜ்-யமுனா இணைப்பு. எங்கள் ஆற்றில் ஒரு சொட்டு தரமாட்டோம் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய அளவில் மூட்டையில் கட்டி அனுப்புகிற தண்ணீரைப் பற்றி மேடையில் பேச்சில்லை. பேசினால் ஓட்டுப் போகும். இரண்டு பக்கமும்.

இதைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. பஞ்சாப் விவசாயி என்று நாம் பேசுவது நிலம் உள்ளவரைப் பற்றி. 2011 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 31.9 விழுக்காடு, இந்திய மாநிலங்களிலேயே அதிகம். விளைநிலத்தில் அவர்கள் கையில் இருப்பது மிகச் சொற்பம். சங்ரூர் பக்கம் பஞ்சாயத்துப் பொதுநிலத்தில் சட்டப்படி தங்களுக்கு ஒதுக்கிய மூன்றில் ஒரு பங்குக் குத்தகைக்கே போராடித்தான் வாங்குகிறார்கள். நாற்று நடுகிறவர்கள் பீகாரிலிருந்து ரயிலில் வருகிறார்கள். 2020 ஊரடங்கின்போது அவர்களைக் கூட்டிவரப் பஞ்சாப் விவசாயிகள் பஸ் பிடித்து அனுப்பினார்கள். இலவச மின்சாரம் மோட்டார் வைத்திருக்கிறவனுக்கு மட்டும்தான் இலவசம். மாமாஜி வீட்டில் தொழுவம் கூட்டிய அம்மாவிடம் நிலத்தடி நீர் பற்றி நான் கேட்கவில்லை, யாரும் கேட்பதில்லை.

வழி தெரியாமல் யாரும் இல்லை. 1986-லேயே ஜோஹல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தலைமையிலான குழு, நெல்-கோதுமைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை வேறு பயிருக்கு மாற்றச் சொன்னது. லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் பிஆர் 126 என்ற குறைந்தநாள் நெல்லைக் கொடுத்திருக்கிறது. பழைய பூசா 44-ஐவிட ஒரு மாதம் முன்னதாக அறுப்புக்கு வரும், தண்ணீரும் மிச்சம், நாள் நெருக்கடியும் தளரும். நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் கொடுத்துப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம், 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். சின்ன வேலைதான். ஆனால் வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஆரம்பித்த வேலை என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். விற்கிறவனுக்குப் புத்தி சொல்லி எந்தத் தொழிலும் மாறியதாக என் வியாபார வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. ஆர்டர் மாறினால் அடுத்த வாரமே ஊசியின் கேஜை மாற்றுகிறார்கள்.

போன முறை மாமாஜியிடம் போனில் பேசியபோது, மூன்று கில்லாவில் மக்காச்சோளம் போட்டதாகச் சொன்னார். நல்ல விளைச்சலாம். மக்காச்சோளத்துக்கும் டெல்லியில் ஆதரவு விலை அறிவிக்கிறார்கள், ஆனால் அந்த விலைக்கு எடுக்க மண்டியில் அரசாங்கத்து ஆள் வருவதில்லை. ஈரம் அதிகம் என்று வியாபாரி விலையை இறக்கினான், இரண்டு நாள் களத்தில் காயவைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டாராம். பக்கத்துக் குவியலில் ஜோனா அன்றைக்கே எடை போட்டு ஏறிப்போனதாம்.

"அடுத்த வருஷம் அந்த மூணு கில்லாவுல என்ன மாமாஜி?" என்றேன்.

"இதென்ன கேள்வி பேட்டா? ஜோனாதான்."